ப்ளஸ் டூ கணக்குக் குழு: கேள்வி போடுவதற்கு முன்

தம்பி தங்கச்சிகளுக்கு வணக்கங்க.

நேற்று ராத்திரி வந்த படங்களில் பாதி மங்கல். ஒன்றில் கணக்கைவிடப் பக்கத்துத் தட்டில் இருந்த கச்சாயம்தான் தெளிவாகத் தெரிந்தது!

இனிமேல் கேள்வியோடு நீங்கள் போட்டுப் பார்த்த வழியையும் அனுப்புங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லைங்க, எங்கே சறுக்கியது என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் கைகொடுக்க முடியும். போன வாரம் மைனஸ் 4-இன் வர்க்கமூலத்தை மைனஸ் 9-இன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொன்னதற்கு முக்கால்வாசிப் பேர் 6 என்றீர்கள். இரண்டையும் ஒரே மூலக்குறிக்குள் தள்ளியதால் வந்த வினை அது. இரண்டுமே குறை எண்ணாக இருந்தால் அந்த விதி செல்லாது. முதலில் கற்பனை அலகை, அதாவது மைனஸ் 1-இன் வர்க்கமூலமான i-ஐ, வெளியே எடுங்கள். 2-உம் 3-உம் பெருகி 6, கற்பனை அலகின் வர்க்கம் மைனஸ் 1. ஆக, விடை மைனஸ் 6. வெறும் விடையை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

90 மதிப்பெண் தாளில் ஐந்து மதிப்பெண் கணக்குகளுக்கே 35 போகிறது. அங்கே ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு, அதனால் உதவுகிறவர்களும் படிகளை விழுங்காதீர்கள்.

அப்புறம், சோமனூர்ப் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு வாய்ஸ் நோட் காதில் விழாது. எழுதியே போடுங்கள். குட் மார்னிங் பூப்படங்கள் வேண்டவே வேண்டாம்.

இந்த வாரம் கலப்பு எண்கள்தான். வெக்டர் கேட்டவர்கள் ஞாயிறு வரை பொறுங்கள் கண்ணு.