பையைப் பார்த்து எடை போடுகிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் மஞ்சள் துணிப்பையோடு நின்றால் கடைக்காரரே தமிழில் விலை சொல்லிவிடுவார். கல்யாண வீட்டுப் பெயரும் தேதியும் அச்சடித்த அந்தப் பைதான் இங்கே நமக்கு அடையாள அட்டை. அதே பையோடு அந்தேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு உறவினரைப் பார்க்கப் போனேன். காவலாளி, சாமான் ஏற்றும் லிஃப்டைக் கை காட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாரை எதில் ஏற்றுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேலே குடியிருக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் 2018-லேயே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்துவிட்டது. சட்டப்படி பார்த்தால் என் பைதான் சரியான பை!

தாராவியில் தைக்கும் தோல் பைகளுக்கும் இதே கதிதான். அங்கே வாங்கியது என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அதே பையில் ஒரு பெரிய கடையின் முத்திரை விழுந்துவிட்டால் போதும், வாங்கித் தடவிப் பார்க்கிறார்கள்.

இங்குள்ள தமிழ் அமைப்புகள் விழாக்களில் சால்வைக்குப் பதிலாகத் தாராவிப் பையைக் கொடுக்கலாமே. சால்வை எப்படியும் பீரோவுக்குள்தான் போகிறது.

ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை