பிக் ஹவுஸும் உன் புது நாற்காலியும்

அன்புள்ள செல்வம்,

விளையாட்டு இயக்குநர் ஆகிவிட்டாய் என்று தெரிந்ததும் இங்கே வீட்டில் பாயசம் வைத்தோம். நீயோ ஏதோ துக்கச் செய்தி மாதிரி எழுதியிருக்கிறாய். விசிலைக் கழற்றி வைத்துவிட்டு ஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டுமே என்று ஒரே புலம்பல்! சரி, மகள் குடியிருக்கும் இந்த ஊரில் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் கூடைப்பந்து என்றாலே கிளாரன்ஸ் கெய்ன்ஸ்தான். 'பிக் ஹவுஸ்' என்பது பட்டப்பெயர். பால்டிமோரில் மோர்கன் கல்லூரியில் சேரப் போனபோது, "உன்னைவிடப் பெரிதாக நான் பார்த்தது வீடு ஒன்றுதான்" என்று அங்கே ஒருவர் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. வேதியியல் படித்தவர், பல் மருத்துவராக நினைத்தவர். 1945-இல் இங்கே கறுப்பின மாணவர்களுக்கான சிறிய ஆசிரியர் கல்லூரிக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார். மறு ஆண்டே தலைமைப் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். எல்லாம் இவர் தலையில் விழுந்தது. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவது, டிக்கெட் கணக்கு, கூடவே விளையாட்டு இயக்குநர் பதவி! அப்போது வயது 23. உனக்கு இந்த நாற்காலி கிடைக்க நரை விழ வேண்டியிருந்தது.

பல் மருத்துவம் அதோடு போயிற்று. 1993 வரை கூடைப்பந்து அணி அவர் கையில்தான் இருந்தது. 828 வெற்றிகள். ஓய்வு பெற்றபோது கல்லூரிக் கூடைப்பந்தில் வெற்றிக் கணக்கில் அவருக்கு மேலே இருந்தவர் கென்டக்கி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அடால்ஃப் ரப் ஒருவர்தான்.

எனக்குப் பிடித்தது இந்த எண்ணிக்கை இல்லை. அது நிறப் பிரிவினைக் காலம். ஊரின் இன்னொரு பக்கத்தில் வெள்ளையர்களின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம். இரண்டு அணிகளும் வெளிப்படையாக மோத முடியாது. வேக் ஃபாரஸ்டில் ஆடிய பில்லி பாக்கர் இவருடைய அணியின் ஆட்டங்களைப் பார்க்க வருவார். அந்தப் பழக்கத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஊருக்குத் தெரியாமல் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். கெய்ன்ஸுக்கு மேலே இன்னோர் இயக்குநர் உட்கார்ந்து, 'அனுமதிக் கடிதம் எங்கே?' என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? கோச்சும் இயக்குநரும் ஒரே ஆளாக இருந்ததில் இப்படி ஒரு வசதி.

1967-இல் அவருடைய அணி 31 வென்று ஒன்றே ஒன்று தோற்று, சிறிய கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தைப் பிடித்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கூடைப்பந்துப் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த ஏர்ல் மன்றோ அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 41.5 புள்ளி எடுத்தான். எங்கிருந்து வருவார்கள் இப்படிப்பட்ட பையன்கள்!

ஆனால் பிறகு பெரிய பல்கலைக்கழகங்களின் கதவுகள் கறுப்பின வீரர்களுக்கும் திறந்தன. திறக்க வேண்டியவைதான், அதில் சந்தேகமே இல்லை. அடுத்த மன்றோக்களை அந்தப் பெரிய இடங்கள் அள்ளிக்கொண்டு போயின. கெய்ன்ஸுக்கு இன்னொரு தேசியப் பட்டம் கிடைக்கவில்லை. அப்படியும் அவர் அந்தச் சின்னக் கல்லூரியை விட்டு நகரவில்லை. 2005-இல் காலமானார். கல்லூரியின் உள்ளரங்கு அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் கல்லூரியில் அந்த ஜூனியர் பெண்கள் அணியை யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று நீ எழுதவே இல்லை. இன்னும் முடிவாகவில்லை என்றால் நீயே வைத்துக்கொள்கிறேன் என்று கேள். இயக்குநர் கேட்டால் மறுக்கக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு எந்த ஃபைலும் குறுக்கே வராது.

அப்புறம், முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜூனில் ஊருக்கு வருகிறோம். உனக்கு என்ன சைஸ் ஷூ என்று உடனே எழுது, இங்கே தள்ளுபடி போட்டிருக்கிறார்கள்.

உன்,
ராமு