இவ்வார உரையாடல்: அறவழிப் போராட்டமும் இடப்பெயர்வும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஒப்பிட்ட அரசியல் அறிவியலாளர் எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபனுடன் இணைந்து, வன்முறையற்றவற்றில் 53 விழுக்காடும் ஆயுதமேந்தியவற்றில் 26 விழுக்காடும் வெற்றி கண்டதாகக் காட்டினார். எண்களைவிட அதன் விளக்கமே எனக்கு முக்கியமாகப் படுகிறது: முதியவரும் குழந்தையை இடுப்பில் சுமந்த தாயும் சேரக்கூடிய ஊர்வலம் பெருகும்போது, தடியுடன் எதிரே நிற்கும் காவலர் அதில் தம் உறவினரையே காண நேர்கிறது.

ஆனால் ஊரே சிதறி, நிவாரண வரிசையில் அட்டையுடன் நிற்பவர்கள் எப்படித் திரளுவார்கள்? எல்லை தாண்டியவர்களுக்கு 1951 அகதிகள் உடன்படிக்கை உண்டு. உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களுக்கோ, உலக அளவில், சட்டமாகக் கட்டுப்படுத்தாத ஐ.நா.வின் 1998 வழிகாட்டு நெறிகளே உள்ளன. உதவியும் பல இடங்களில் அவர்களை விரட்டிய அதே அரசின் அனுமதியோடுதான் வந்து சேர வேண்டியிருக்கிறது. இதைக் குறித்த உங்கள் கருத்துகளை ஞாயிறு மாலைக்குள் இங்கே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.