கண்ணாடியை மூடிவிடாதீர்கள்: பெருநகரப் பேரங்காடிகளின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஆடை, காலணி, பாத்திரம், அறைகலன் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் பெரிய கடைகளின் காட்சிச் சாளரங்களை அலங்கரிப்பதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் தொழில். நீங்கள் 'விஷுவல் மெர்ச்சண்டைசிங்' என்று பெயரிட்டுத் தனித் துறையாக்கியிருக்கும் இந்த வேலையை நாங்கள் எங்களுக்குள் இன்னமும் 'டிஸ்ப்ளே' என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். தெருவைப் பார்த்திருந்த கண்ணாடிகள் சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவதால் இதை எழுத வேண்டியதாயிற்று. சிலவற்றின்மேல் வினைல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, உட்புறம் அலமாரிகளைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். மற்றவற்றில் ஆளுயர எல்இடி திரைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. திரை என்றால் ஒரு பொத்தானை அழுத்திக் காட்சியை மாற்றிவிடலாம். தச்சர், மின்பணியாளர், வண்ணம் பூசுபவர் எவருக்கும் இரவுப்படி தர வேண்டியதில்லை. விளம்பர நிறுவனங்களுக்கு நேரக்கணக்கில் வாடகைக்கும் விடலாம். சாளரத்தின் ஆழத்தைக் கடைக்குள் சேர்த்துக்கொண்டால் இன்னொரு வரிசை அலமாரிக்கு இடம் கிடைக்கிறது என்பதும் உண்மைதான். இந்தக் கணக்கில் விடுபட்டுப் போனது அந்த ஆழம் எதற்காக இருந்தது என்ற கேள்வி மட்டுமே.

காட்சிச் சாளரம் என்பது ஒரு சுவர் கண்ணாடியாக இருக்கும் சிறிய அறை. நடைபாதையில் ஒருவர் நடந்து செல்லும்போது, முன்னால் தொங்கும் கைப்பை வேகமாகவும், நடுவில் நிற்கும் பொம்மை சற்று மெதுவாகவும், பின்சுவர் அதைவிட மெதுவாகவும் அவர் கண்ணில் நகர்கின்றன. அவர் நடப்பதாலேயே காட்சி அசைகிறது. நாங்கள் எந்த மோட்டாரையும் பொருத்தத் தேவையில்லை. தட்டையான திரையில் எவ்வளவு வேகமாகப் படம் ஓடினாலும் இந்த அசைவு கிடைக்காது. அதோடு, கையில் இருக்கும் கைபேசியில் நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டு வருகிறவருக்கு, நிமிர்ந்து பார்த்தால் மீண்டும் ஒரு திரை என்றால் அவர் ஏன் நிற்க வேண்டும்?

பகலில் கண்ணாடியில் தெரு பிரதிபலிப்பதால் உள்ளே இருப்பது தெரிவதில்லை என்று ஒரு கூட்டத்தில் உங்களில் ஒருவர் சொன்னார். நியாயமான குறைதான். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. இரு பரப்புக்கும் சேர்த்து 8. வெளியே வெயிலும் உள்ளே இருட்டுமாக இருந்தால் அந்த எட்டே போதும், கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட. ஆனால் இது தீர்வு இல்லாத சிக்கல் அல்ல. லண்டனில் 1936-இல் திறக்கப்பட்ட சிம்ப்சன்ஸ் ஆஃப் பிக்காடிலி கடையில், பிரதிபலிப்பு பார்ப்பவர் கண்ணுக்கு வராதபடி உட்புறமாக வளைந்த கண்ணாடிகளையே பொருத்தினார்கள். அவ்வளவு செலவு செய்யச் சொல்லவில்லை. பின்சுவருக்கு வெளிர்நிறம் பூசி, பொருளின்மேல் விழும் ஸ்பாட்லைட்டுகளைப் பகலிலும் எரியவிட்டாலே பாதிக் குறை தீரும். கறுப்புப் பின்னணிதான் கம்பீரம் என்று வற்புறுத்தி வாங்கியவர்கள் நீங்கள். அது இரவில் சரி, பகலில் அதைப்போல் நல்ல முகக்கண்ணாடி வேறில்லை.

ஒரு பொம்மைக்கு உடை மாட்டுவதைக் கிட்டே இருந்து பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியாது. இடுப்போடு உடலை இரண்டாகப் பிரித்து, கால்பகுதியைத் தலைகீழாக நிறுத்திக் கால்சட்டையை ஏற்றுவோம். கைகளைத் தோளிலிருந்து கழற்றிவிட்டுத்தான் சட்டையைப் போட முடியும். பிறகு கழுத்துவழியாகக் கையை நுழைத்து அவற்றை மீண்டும் பூட்ட வேண்டும். சட்டைக்கையில் மெல்லிய தாளைச் சுருட்டி அடைத்தால்தான் உள்ளே ஓர் உயிருள்ள கை இருப்பதுபோல் மடிப்பு விழும். முன்பக்கம் கச்சிதமாகத் தெரிய, முதுகில் துணியை இழுத்துப் பிடித்துக் குண்டூசி குத்துவோம். (இது ஒருவகைப் பொய் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதே உடையை உள்ளே போட்டுப் பார்ப்பவருக்கு முதுகில் குண்டூசி இருக்காது.) கடைசியாக ஒருவர் வெளியே போய் நடைபாதையில் நின்று கைகாட்ட, உள்ளே இருப்பவர் ஒரு விரற்கடை இடப்பக்கம், அரை விரற்கடை முன்னால் என்று நகர்த்திக்கொண்டிருப்பார். விடிவதற்குள் கண்ணாடியின் உட்புறத்தில் பதிந்த எங்கள் விரல்ரேகைகளைத் துடைத்துவிட்டு வெளியேறுவோம்.

அப்படி மூன்று இரவுகள் வேலை செய்து முடித்த ஒரு சாளரத்தை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், நான்காம் நாள் பிற்பகல் பார்க்கப் போனேன். நடுப்பொம்மை உடையின்றி நின்றது. அந்த அளவு உடை உள்ளே தீர்ந்துவிட்டதால் விற்பனையாளர் பொம்மையிலிருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது, அவருக்கு அன்றைய இலக்கு இருந்தது. தாள் அடைத்த கைப்பகுதி தரையில் கிடந்தது. குண்டூசிகள் வரிசையாகப் பலகையில் குத்தி வைக்கப்பட்டிருந்தன. மாலைவரை அந்தச் சாளரத்தை எவரும் தொடவில்லை. அடுத்த வாரம், 'காட்சி வைத்துப் பயனில்லை' என்ற குறிப்புடன் அதே இடத்துக்குத் திரை வந்தது. பயனில்லாமல் போனது காட்சியா, அதற்குரிய கையிருப்பைத் தனியே எடுத்து வைக்காத ஏற்பாடா என்று அந்தக் குறிப்பில் எவரும் கேட்டிருக்கவில்லை.

உங்கள் துறையின் முன்னோர் இந்தச் சாளரங்களை இவ்வளவு இளப்பமாக நினைத்ததில்லை. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845-இல் நீங்கிய பிறகுதான் பெரிய கண்ணாடிகள் கடைக்காரர்களுக்குக் கட்டுப்படியாயின. பின்னாளில் சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற எல். ஃபிராங்க் பாம், 1897-இல் சிகாகோவில் சாளர அலங்காரக்காரர்களுக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கினார். லண்டனில் 1909-இல் கடை திறந்த ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ், கடை மூடிய பிறகும் சாளர விளக்குகளை இரவில் எரியவிட்டார். வாங்க வராதவரும் பார்க்க வரட்டும் என்பது அவர் எண்ணம். நியூயார்க்கின் பான்விட் டெல்லர் கடையில், சாளரங்களுக்குப் பொறுப்பாயிருந்த ஜீன் மூர் இளம் ஓவியர்களுக்கு வேலை கொடுத்தார். அவர்களில் ஒருவரான, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆண்டி வார்ஹோலின் ஓவியங்கள் 1961-இல் அங்கே பொம்மைகளுக்குப் பின்னால் தொங்கின.

அதே கடையில் 1939-இல் நடந்தது உங்களுக்கு எச்சரிக்கையாகவும் இருக்கலாம். ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலி அமைத்த காட்சி குறித்துப் புகார்கள் வரவே, அவரைக் கேளாமல் நிர்வாகம் பொம்மைகளை மாற்றிவிட்டது. சினந்து சாளரத்துக்குள் புகுந்தவர் அங்கிருந்த குளியல் தொட்டியைப் பிடித்து இழுக்க, தொட்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு நடைபாதையில் போய் விழுந்தது, அவரும் பின்னாலேயே. போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. நாங்கள் தாலி அல்லர், கண்ணாடியை உடைக்கவும் மாட்டோம். ஆனால் நாங்கள் வைத்த பொம்மையின் முகத்துக்கு நேரே மறுநாள் காலை 'தள்ளுபடி' ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு பரிவு வந்துவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரான்சில் 2013 ஜூலை முதல், கடைச் சாளரங்களின் விளக்குகளை நள்ளிரவு 1 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்பது விதி. நானும் அதை ஆதரிக்கிறேன். பொருள்கள் வைத்த சாளரம் விளக்கு அணைந்த பின்னும் தெருவிளக்கின் வெளிச்சத்தில் நிழலுருவாக நிற்கும். அணைந்த திரை வெறும் கறுப்புப் பலகை.

எனவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். எல்லாச் சாளரங்களையும் திருப்பித் தரச் சொல்லவில்லை. இரு தெருக்கள் சந்திக்கும் முனையில் உள்ள ஒன்றையாவது முழு ஆழத்தோடு எங்களிடம் விடுங்கள். அதில் எதைக் காட்டப்போகிறோம் என்பதை மூன்று மாதங்களுக்கு முன்பே கொள்முதல் பிரிவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வோம். காட்சியில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் காட்சி நீடிக்கும் நாள்வரை போதிய கையிருப்பு உள்ளே இருக்கட்டும். பொம்மையிலிருந்து எதையும் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் எங்களை அழைக்கச் சொல்லுங்கள், இரவு எந்நேரமானாலும் வருகிறோம். எங்களைக் கேளாமல் கண்ணாடியில் எதுவும் ஒட்ட வேண்டாம்.

அந்த முனைச் சாளரத்துக்கான அளவுகளையும் செலவுக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் நேரம் ஒதுக்கினால், கூட்ட அறையில் அல்ல, அந்தக் கண்ணாடிக்கு வெளியே நடைபாதையில் நின்று காட்ட விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சாளரங்களை அலங்கரிக்கும் ஒரு தொழிலாளி