குழியில் நீர் இறைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் கட்டுநர்களே, தளப் பொறியாளர்களே,

வணக்கம். மோட்டார் எத்தனை குதிரைத்திறன், மணிக்கு எவ்வளவு இறைக்கும் என்று கேட்டால் சட்டென்று சொல்கிறீர்கள். குழாய் வாயில் விழும் நீர் தெளிவா, கலங்கலா என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறீர்கள்.

அந்த நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஆடாமல் பத்து நிமிடம் வையுங்கள். நாளுக்கு நாள் அடியில் மணல் படிந்துகொண்டே இருந்தால், பக்கத்து அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணையும் சேர்த்து இறைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூலையில் பள்ளம் பறித்து மோட்டாரை இறக்குவது மலிவான வழி. கெட்டிக் களியிலும் பாறையிலும் அது போதும். நுண்மணலில் அப்படியில்லை. கீழிருந்து ஏறும் நீரின் விசை மணலின் எடைக்கு ஈடானதும் குழியின் தரை உலைபோலக் கொதிக்கும், கால் வைத்தால் புதையும். அந்த நேரத்தில் “இன்னொரு மோட்டார் கொண்டாங்க” என்று கத்தியவரைப் பார்த்திருக்கிறேன். ஆட்களை மேலே ஏற்றிவிட்டு, இறைப்பதை நிறுத்திக் குழிக்குள் நீரை ஏறவிடுவதுதான் அப்போதைக்கு மருந்து. இரண்டு நாள் வேலை போகும், போகட்டும்.

நுண்மணலில் தோண்டுவதற்கு முன்பே, குழியைச் சுற்றி வெல்பாயிண்ட் குழாய்களை, அதாவது நுனியில் சல்லடை வைத்த சன்னமான உறிஞ்சு குழாய்களை, வரிசையாக இறக்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்துங்கள். உறிஞ்சி இழுப்பதால் ஒரு வரிசை சுமார் 5, 6 மீட்டருக்கு மேல் தாழ்த்தாது. அது காற்றழுத்தம் போட்ட எல்லை; பெரிய பம்ப் வாங்கினாலும் நகராது. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் படிபோல இரண்டாவது வரிசை வேண்டும், இல்லையென்றால் சரளை வடிகட்டியுடன் ஆழ்கிணறு அமைத்து நீர்மூழ்கி மோட்டார் இறக்க வேண்டும்.

தெளிந்த நீர் வருகிறதே என்று அசந்துவிடவும் முடியாது. நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடிமண்மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் சுமை கூடும். கீழே மென்களி இருந்தால் அது மாதக்கணக்கில் அமுங்கும். நீங்கள் பில் போட்டுக் கிளம்பிய பிறகுதான் பக்கத்துச் சுவர் வெடிக்கும். அதனால் மோட்டாரைப் போடும் முன்பே அக்கம்பக்கத்து விரிசல்களைப் படமெடுத்து வையுங்கள். வேலிக்கு வெளியே ஒரு கண்காணிப்புக் குழாய் இறக்கித் தினமும் மட்டம் பாருங்கள்.

தளம் போட்டாயிற்று என்று மோட்டாரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். 3 மீட்டர் நீர் ஏறினால் சதுர மீட்டருக்கு 3 டன் மேல்நோக்கி முட்டும். மேலே கட்டடத்தின் எடை ஏறும்வரை மோட்டார் ஓடட்டும், ஜெனரேட்டரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முதலில் பாட்டில். தேதி எழுதி ஒட்டி, வரிசையாக அலுவலகக் கொட்டகையில் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
பல குழிகளில் முழங்கால் நீரில் நின்ற ஒருவன்