அமிர்தா ஷெர்கில் கடிதங்கள் தமிழில் வர நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

1938இல் ஓவியர் அமிர்தா ஷெர்கில் திருமணத்துக்காக ஹங்கேரியில் இருந்தபோது, அவர் வீட்டில் விட்டுச்சென்ற, அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். மகளின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். செய்தி அறிந்து அவர் தந்தைக்கு எழுதிய பதில் இன்றும் மனத்தை அறுக்கிறது. ஆபத்தான சாட்சிகள் என்று நினைத்து அவற்றை விட்டுவரவில்லை, ஏற்கெனவே கனத்த பெட்டி இன்னும் கனத்துவிடுமே என்றுதான் விட்டுவந்தேன் என்கிறார். வயதான காலத்தில் எடுத்துப் படிக்கப் பழைய காதல் கடிதங்கள்கூட இனி இல்லை என்கிறார். அந்த வயதான காலமே அவருக்கு வரவில்லை. 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில் இறந்தபோது அவருக்கு 28 வயது.

அவர் பிறருக்கு எழுதிய கடிதங்களில் எஞ்சியவற்றை அவருடைய தங்கை மகன் விவான் சுந்தரம் பாதுகாத்து, 2010இல் இரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களான எங்களை அவற்றில் கட்டிப்போட்டது தென்னாட்டுப் பயணம்தான். பதினாறு வயதில் பாரீஸ் போய், அங்கே கட்டற்ற கலைஞர் வாழ்க்கை வாழ்ந்த பெண், அஜந்தாவைப் பார்த்துவிட்டுத் தெற்கே வருகிறார். கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் உட்கார்ந்து வரைகிறார். கன்னியாகுமரியில் பழம் விற்கும் பெண்களைத் தீட்டுகிறார். சிம்லா திரும்பியதும் 1937இல் பிறந்தவைதான் 'பிரம்மச்சாரிகள்' உள்ளிட்ட மூன்று பெரிய தென்னிந்திய ஓவியங்கள். வெற்றுடம்பும் வெள்ளை வேட்டியுமாக அமர்ந்திருக்கும் அந்த இளைஞர்களை நம் கோயில் மண்டபங்களில் எத்தனை முறை பார்த்திருப்போம்!

இந்தப் பயணத்தை ஒட்டிய கடிதங்களை, உரிமை பெற்றவர்களின் அனுமதியோடு, தமிழில் ஒரு நூலாகக் கொண்டுவர முனைந்திருக்கிறோம். அவர் கடிதங்களில் ஒரு பகுதி ஹங்கேரிய மொழியில் எழுதப்பட்டவை. தாய் ஹங்கேரியர் அல்லவா! ஆங்கிலம் வழியாக வராமல் மூலத்திலிருந்தே அவற்றைப் பெயர்க்க வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். ஓவியங்களையும் வண்ணத்தில்தான் அச்சிட வேண்டும். கறுப்பு வெள்ளையில் 'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தில் இருக்கும் ஐந்து மேனிகளின் நிற வேறுபாடு காணாமல் போய்விடும். செலவு கூடுவது இந்த இரண்டினால்தான்; தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் எங்கள் உழைப்பு.

நூறு ரூபாயானாலும் மனமுவந்து தாருங்கள். குழுவின் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை நூலின் கடைசிப் பக்கத்திலேயே அச்சிடுவோம். உங்கள் வீட்டிலோ நட்பிலோ ஹங்கேரிய மொழி அறிந்தவர் யாராவது இருந்தால், பணத்துக்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். அப்படி ஒருவரைத்தான் நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
நூலாக்கக் குழுவினர்