மதுரை சிம்மக்கல் மெஸ் அக்காவுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

பிள்ளைகள் அத்தனை பேரும் வீடு சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் வாடிப்பட்டிப் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஓட்டல் தொழிலை நேரில் பார்க்க ஏற்பாடு செய்திருந்த பெரிய ஓட்டல், வியாழக்கிழமை மாலை கைவிரித்ததும் நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை.

அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. மதியச் சாப்பாடு முடிந்து இரவு டிபனுக்கு அடுப்பு மூட்டும்வரை உள்ள நேரத்தில்தான் உங்கள் ஆட்கள் கொஞ்சம் கண்ணயர்வார்கள். அந்த நேரத்தை எங்கள் பதினோராம் வகுப்புக்குக் கொடுத்தீர்கள். பரோட்டா மாஸ்டர் மாவு வீசிக் காட்டினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். கல்லாவுக்கு அடியிலிருந்து நீங்கள் எடுத்து வைத்த அந்த நீள நோட்டை யாரும் எதிர்பார்க்கவில்லை.

பரவை மார்க்கெட்டில் காலையில் எடுத்த காய், அதன் விலை, எத்தனை சாப்பாடு போயிற்று, எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று நாள்வாரியாக எல்லாம் அதில் இருந்தது. ஓரத்தில் 'மழை', 'முகூர்த்தம்' என்று குறிப்புகள். அமாவாசையன்று கறிக்குழம்பைப் பாதியாகக் குறைத்தது ஏன் என்று நீங்கள் விளக்கியபோது, அதுவரை சுவரோரம் ஒதுங்கி நின்ற வணிகவியல் பிரிவு மாணவி முன்னால் வந்து, "இது எங்கள் கணக்குப் பாடம்தானே?" என்று கேட்டாள். உடன் வந்த விரிவுரையாளர், பெரிய ஓட்டல்களில் உணவுச் செலவைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தவே தனிப் பதவி உண்டு என்றார். சமையல் வராதவர்களுக்கும் இந்தத் தொழிலில் இடம் உண்டு என்று வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் அதை நம்பியது உங்கள் நோட்டைப் பார்த்துத்தான்.

பிறகு, "எடுத்துப் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும், திங்கட்கிழமை கொடுத்தால் போதும்" என்றீர்களே! முன்பின் தெரியாதவர்களிடம் எந்த வியாபாரி தன் கணக்கைக் கொடுப்பார்?

குழம்பு, கறி வகைகள் சமைக்கும் சரக்கு மாஸ்டர் அண்ணனுக்கும் தனியாக ஒரு வணக்கம். சம்பளம் எவ்வளவு என்று ஒரு பையன் கேட்டதற்கு மழுப்பாமல் தொகையைச் சொன்னார். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாததையும் சொன்னார். அடுப்புச் சூட்டில் தழும்பேறிய முன்கையையும் காட்டினார். இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைக்கு இவையெல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

பால் சுண்டுவதையும் கடற்பாசி ஊறுவதையும் காட்டிவிட்டுக் காசு வாங்க மறுத்த ஜிகர்தண்டா கடைக்காரர், நேரம் கடந்தும் முகம் சுளிக்காத வேன் ஓட்டுநர், முந்தின இரவு முழுவதும் தொலைபேசியில் அலைந்த முன்னாள் மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. விரிவுரையாளர் சொன்ன விவரம் இது: பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தாலும், ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் தேசிய ஓட்டல் மேலாண்மை நுழைவுத்தேர்வு எழுதலாம். சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அந்தப் படிப்புக்கான அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பப் பொறியியல் படிக்கக் கணிதம் வேண்டும். ஊட்டச்சத்துப் படிப்புக்கு மதுரையிலேயே வேளாண் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. இதையெல்லாம் பொறுமையாகப் பலகையில் எழுதிப் போட்ட அவருக்கும் நன்றி.

"படிக்க அனுப்பினால் கரண்டி பிடிக்கவா சொல்லித் தருகிறீர்கள்?" என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீடுகளுக்கு நானே போகப் போகிறேன், அந்த நோட்டின் நகலோடு. நுழைவுத்தேர்வு அறிவிப்பு வந்ததும் விருப்பமுள்ள ஒவ்வொரு பிள்ளையுடனும் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவேன். வாடிப்பட்டிப் பக்கம் கணினியும் மாலையில் ஒரு மணி நேரமும் தரக்கூடியவர்கள் இருந்தால் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள்.